ஒரு லட்சம் பைட்டு கொசுறு

கொசுறு கிடைத்தால் சந்தோஷப்படாத ஆள் இந்த ஊரில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். காய்கறிக்காரம்மா நிறுத்துப் போட்ட கத்தரிக்காயின் மேல் இன்னும் இரண்டை எடுத்து "வெச்சுக்க சாமி" என்று பைக்குள் போட்டால் மற்றவர்களுக்கு முகம் மலரும். எனக்கோ தராசில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். ஓட்டலில் இரண்டு வடை கேட்டு மூன்று வந்தால் சர்வரைக் கூப்பிட்டு விசாரிப்பேன். (என் மனைவி அந்த நேரத்தில் வேறு யாருடனோ வந்தவள்போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வாள்.) இதை யாரும் நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். சூடு பட்டவன், அவ்வளவுதான்.

சூடு பட்டது 2002 வாக்கில், திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். எனக்கு அப்போது இருபது வயது. ஆறு மாத கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்தேன். வருகிறவர்களின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதுவதும், பிரிண்டருக்குள் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவுவதும் அங்கே என் வேலை. ஆனால் வீட்டிலும் தெருவிலும் 'சிஸ்டம் இன்சார்ஜ்' என்று சொல்லி வைத்திருந்தேன். அப்படி ஒரு பதவி இருப்பது சென்டர் முதலாளி சம்பத் அண்ணனுக்கே தெரியாது. நாலு கம்ப்யூட்டர், நாலுக்கும் சேர்த்து ஒரே டெலிபோன் லைன், அதன் நுனியில் ஒரு மோடம். இதற்குத்தான் இன்சார்ஜ்.

என் அக்கா மஞ்சுளா என்னைவிட நாலு வயது மூத்தவள். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்தாள். அவளுக்கு வேங்கிக்காலிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் செந்தில். ஆராய்ச்சிக்காக இரண்டு வருடம் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். அவருடைய அப்பா அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். ஜாதகம் பொருந்தியது, போட்டோ எல்லாருக்கும் பிடித்தது. அக்கா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"போட்டோல எல்லாரும் நல்லவங்களாத்தான் இருப்பாங்க. பேசிப் பார்க்கணும்பா" என்றாள்.

பேச ஏற்பாடு செய்தார்கள். போனைச் சுற்றி இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர் நின்றோம். அக்கா அங்கே குளிரா என்று கேட்டாள், அவர் இங்கே மழையா என்று கேட்டார். அப்பா கடிகாரத்தைக் காட்டினார், பேச்சு முடிந்தது. இது வேலைக்காகாது என்று அக்கா நேராக எங்கள் சென்டருக்கு வந்து உட்கார்ந்து, அவருக்கு மூன்று கேள்விகளை மெயிலில் அனுப்பினாள். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். நானும் திரும்பி நின்று, கண்ணாடிக் கதவில் தெரிந்த பிம்பத்தில் முதல் இரண்டைப் படித்துவிட்டேன். ரெண்டு வருஷம் முடிந்ததும் ஊருக்குத் திரும்புவீர்களா? கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகலாமா? மூன்றாவதை அடிக்கும்போது ஹேண்ட்பேகை எடுத்து மறைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. இதையெல்லாம் எழுத்தில் சொன்னால் நன்றாக இருக்காது, நேரில் சொல்வதுபோல வீடியோவில் சொல்லியிருக்கிறேன், மெயிலில் போகாத அளவுக்குப் பெரியதாகிவிட்டது, அதனால் எங்கள் பல்கலைக்கழக கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறேன், இடம் ஒரு வாரத்துக்குத்தான் கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அழிந்துவிடும், அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அன்று திங்கள்கிழமை.

"எங்க பாபு இருக்கான். அவன் எறக்கிடுவான்" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனில் சொன்னார் என் அப்பா. என்மேல் நம்பிக்கை வைத்து அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. கடைசி வாக்கியமும் அதுதான். மறுமுனையில் மாப்பிள்ளையின் அம்மா, ஒன்றரை வருடமாகப் பிள்ளையைக் கண்ணால் பார்க்கவில்லை, நாங்களும் வந்து பார்க்கிறோம் என்றாராம். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு இரண்டு குடும்பமும் சென்டருக்கு வருவது என்று முடிவானது. ஒரு பைட்டுகூட இறங்காத நிலையில் தேதி குறித்த ஒரே வீடியோ அதுவாகத்தான் இருக்கும்.

வீடியோவின் எடை மூன்று கோடியே சொச்சம் பைட்டு. எங்கள் லைனின் வேகத்தில், இடையில் எதுவும் ஆகாவிட்டால், மூன்று மணி நேரம். திங்களும் செவ்வாயும் சாதாரணமாக வலைப்பக்கத்தில் சொடுக்கிப் பார்த்தேன். பாதியில் அறுந்தது. மறுபடி சொடுக்கினால் விட்ட இடத்தில் தொடராமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஒருமுறை தொண்ணூறு சதவீதம் வந்து அறுந்தபோது நான் கீபோர்டின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். டெலிபோன் ஒயரை மாற்றினேன். மோடத்துக்கு டேபிள் ஃபேன் வைத்தேன். மேஜையை ஈசான மூலைக்கு நகர்த்தினேன். சம்பத் அண்ணன் தன் பங்குக்கு மோடத்தின் நெற்றியில் குங்குமம் வைத்தார். (எது நெற்றி என்று எங்களுக்குள் சின்ன விவாதம் நடந்தது.)

புதன்கிழமை, லைன் அறுந்த நேரங்களைக் குறித்து வைத்திருந்த நோட்டைப் புரட்டியபோதுதான் ஒன்று பிடிபட்டது. தினமும் பதினொன்றேகால் வாக்கில் தவறாமல் அறுந்திருந்தது. மாடியில் சம்பத் அண்ணனின் வீடு. அங்கே இதே லைனில் ஒரு எக்ஸ்டென்ஷன் போன், அதை எடுத்தால் கீழே அறுந்துவிடும். அன்றும் அதே நேரத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். அண்ணி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு முகம் சுளித்து நின்றிருந்தார்.

"இன்னா பாபு, போன்ல ரெண்டு நாளா பூச்சி கத்துது. போளூர்ல எங்க அக்காவுக்குப் போடலாம்னு எடுத்தா கீ கீன்னு ஒரே சத்தம். டெலிபோன் ஆபீஸ்ல ரெண்டு தடவ கம்ப்ளைண்ட் குடுத்துட்டேன்."

"அண்ணி, அது பூச்சி இல்ல. எங்க அக்கா மாப்ள."

விஷயத்தைச் சொன்னதும் அண்ணி ரிசீவரைப் பூப்போல வைத்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் போனைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை, வீடியோவை அவரும் பார்க்க வேண்டும்.

அன்று மதியம் இன்னொரு உதவி வந்தது. ஹில்டா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண், ஆசிரமத்துக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தார், தினமும் மெயில் பார்க்க வருவார். நான் மூன்று நாளாக அவருடைய வழக்கமான கம்ப்யூட்டரை ஆக்கிரமித்திருந்ததால் கடுப்பில் இருந்தார். என் அவதியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வலைப்பக்கத்தில் இது ஆகாது, கருப்புத் திரையில் கட்டளை கொடுத்து இறக்கு என்று ஒரு தாளில் எட்டு வரி எழுதிக் கொடுத்தார். தன் ஊரில் இதே வேலை பார்த்தவராம். எட்டையும் வரிசையாக அடி, ஒன்றையும் விடாதே என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு ஆறு மாத டிப்ளமா இருப்பது அவருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை ஆரம்பித்தேன். எட்டு வரியில் 'ஹேஷ்' என்று ஒரு வரி உண்டு. அதை அடித்தால், கோப்பு இறங்க இறங்கத் திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். அதற்கு முந்தைய வரி 'பைனரி'. அதை அடித்தால் சரி என்பதுபோல ஒரு வரி பதில் வரும். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்காது.

முதல் முறை கரண்ட் போனது. இரண்டாம் முறை லைன் தானாகவே அறுந்தது. மூன்றாம் முறை சம்பத் அண்ணன், அண்ணிக்குத்தான் தடை, தனக்கில்லை என்று நினைத்து மாடியில் போனை எடுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் எட்டு வரியையும் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. நாலாம் முறை எனக்குள் இருந்த சிஸ்டம் இன்சார்ஜ் விழித்துக்கொண்டான். எது எதற்கென்று யோசித்தேன். இந்த பைனரி வரி அடித்தாலும் ஒன்றும் நடப்பதில்லை, எதற்கு வீண் வேலை? வெட்டிவிட்டேன். ஹேஷை மட்டும் வைத்துக்கொண்டேன், கட்டங்கள் வரவேண்டுமே.

மதியம் இரண்டரைக்கு, அறுபடாமல், முழுசாக இறங்கியது.

நான் அவ்வளவு ஏமாளி இல்லை, அளவைச் சரிபார்த்தேன். அங்கே எவ்வளவு இருந்ததோ அதைவிட இங்கே ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் பைட்டு கூடுதலாக இருந்தது. இந்த இடத்தில் ஒரு மனிதன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். குறைந்தால்தானே கோளாறு? மூன்று நாளாகப் பாதியும் முக்காலுமாகப் பார்த்துச் சலித்தவனுக்கு முழுசுக்கு மேல் கிடைத்திருக்கிறது.

"அண்ணே, வந்துருச்சு. ஒரு லட்சத்துக்கு மேல ஜாஸ்தியா வந்துருக்கு."

"நம்ம லைன் ராசிடா. கம்மியா வந்தாத்தான் பயப்படணும்" என்றார் சம்பத் அண்ணன்.

ஓட்டிப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். முதல் மூன்று நொடி பார்த்தேன். செந்தில் நீலச் சட்டையில் கைகூப்பி "வணக்கம்" என்றார். அக்காவுக்கு வந்ததை நான் முன்னாடியே பார்ப்பது நாகரிகமில்லை என்று உடனே மூடிவிட்டேன். வாழ்நாளில் நான் நாகரிகமாக நடந்துகொண்ட அபூர்வமான தருணங்களில் அது ஒன்று. வீட்டுக்குப் போய் அப்பாவிடம், அவங்க அனுப்பினதவிட ஜாஸ்தியாவே எறக்கிட்டேன் என்று சொன்னேன். அப்பா அதை அப்படியே வேங்கிக்காலுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு சென்டர் கல்யாண மண்டபம்போல் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அம்மா பட்டுப்புடவையில், கையில் பூவும் பழமும். எங்கள் அப்பா, அம்மா, லேபிலிருந்து அப்படியே வந்த அக்கா. மாடியிலிருந்து அண்ணி, ஒரு தட்டு முறுக்கோடு. மூலைக் கம்ப்யூட்டரில் ஹில்டா, தன் மெயிலைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு. நான் நடுவில் நின்று, தொழில்நுட்பம் பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். (இதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.) பிறகு சொடுக்கினேன்.

"வணக்கம்" என்றார் செந்தில். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து திரையைத் தொட்டு, "எளச்சிட்டான்" என்றார்.

அடுத்த நொடி செந்திலின் தாடை கழன்று காதுப் பக்கம் போனது. நெற்றியில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள். ஒரு கண் மேலே ஏறி நின்றது. வாய் திறந்தபடி அப்படியே உறைந்து, பிறகு ஒரு வெட்டு வெட்டி வேறு பக்கம் கோணியது. ஸ்பீக்கரில் கிர்ர்ர் என்று மாவு மில் சத்தம். நடுவில் ஒரு துண்டு மட்டும் தெளிவாகக் கேட்டது: "...வேலைக்கு..." கிர்ர்ர் "...வேணாம்..." கிர்ர்ர். அதற்குமேல் முகம் முழுக்கப் பச்சை.

நான் அக்காவைப் பார்த்தேன். 'வேணாம்' என்ற இடத்தில் அவள் முகம் வாடிப்போனது. அவள் கேட்டதே மூன்று கேள்விதான். அதில் ஒன்றுக்கு நான் கொண்டுவந்து கொடுத்த பதில் இது.

"ஏங்க, பையனுக்கு வாய் கோணிக்குமா?" என்று அண்ணி அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார். சென்டரில் அனைவருக்கும் கேட்ட ரகசியம்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். "எங்க பையனுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கான். நல்லா இருக்கறவனக் கூட்டி வெச்சு இப்படிக் காட்டறீங்களே." அவருடைய மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா என்னைப் பார்த்த பார்வையில், மோடத்தின் குங்குமம் என் நெற்றிக்கு மாறப்போகிறது என்று தோன்றியது.

அக்காதான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். "பாபு, எவ்ளோ இருக்கணும்? எவ்ளோ வந்துது?"

"இருக்கறதவிட ஜாஸ்தியாத்தான்கா வந்துருக்கு. கொறையவே இல்ல."

"லேப்ல ஒருத்தங்களுக்கு ரத்தம் இருக்கறதவிட ஜாஸ்தியா காட்டினா நாங்க சந்தோஷப்பட மாட்டோம்டா. மெஷின செக் பண்ணுவோம். அந்தப் பேப்பர எடு."

எடுத்தேன். "இதுல இருக்கறது எல்லாம் அடிச்சியா?"

"ஒரே ஒரு வரி மட்டும்... அது ஒண்ணும் பண்ணலக்கா."

மூலையில் ஹில்டா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து பொறுமையாகச் சொன்னார். அந்த வரிதான், உள்ளதை உள்ளபடி கொண்டுவா என்று சொல்கிற வரி. அது இல்லாவிட்டால் இந்தக் கருவி எதையும் கடிதம் என்றே நினைத்துக்கொள்ளும், வரி முடிகிற மாதிரி தெரிகிற இடத்திலெல்லாம் தன் கையிலிருந்து ஒரு பைட்டைச் செருகிவிடும். ஆக, நான் பெருமைப்பட்ட ஒரு லட்சத்துப் பதினேழாயிரமும் செந்திலின் தாடையிலும் தொண்டையிலும் போய்ச் சொருகிக்கொண்ட கொசுறு.

அக்கா மாப்பிள்ளையின் அப்பாவிடம் திரும்பினாள். "சார், தப்பு எங்க பக்கம். அவர்மேல ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஒரு நாள் டைம் குடுங்க. நானே எறக்கறேன்."

மறுநாள் பௌர்ணமி. எங்கள் ஊரில் அதைவிட மோசமான நாள் கிடையாது. சென்டர் இருப்பதே கிரிவலப் பாதையில். மாலையானால் ரோடு தெரியாது, தலைகள்தான் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன் போட எங்கள் லைனைத்தான் கேட்பார்கள். அதனால் அக்கா காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்தாள். எட்டு வரியையும் ஒவ்வொன்றாக, விரல் வைத்துப் படித்து அடித்தாள். எனக்கு வாசலில் டியூட்டி. உள்ளே வந்து ஃபேனுக்கு அடியில் உட்காரப் பார்த்தவர்களையும், "ஒரே ஒரு போன் தம்பி, சொம்மா ஒரு நிமிசம்" என்று வந்தவர்களையும் கும்பிட்டு அனுப்பினேன். மாடியில் அண்ணி எக்ஸ்டென்ஷன் போனின்மேல் ஒரு தலையணையை வைத்து, அதற்குப் பக்கத்திலேயே காவல் இருந்தார்.

பத்தேகாலுக்கு இறங்கி முடிந்தது. கடைசி இலக்கம் வரை அளவு ஒன்றாக இருந்தது. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். ஏழு நிமிட வீடியோ. வெயிலில் நின்றபடி கண்ணாடிக் கதவு வழியாக அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்தவளிடம் அம்மா கேட்டாள், "இன்னாடி சொன்னாரு?"

"ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வந்துடுவாராம். வேலைக்குப் போறத எதுக்காகவும் விட வேணாம்னு சொல்றாரு."

"அப்போ சரின்னு சொல்லிடலாமா?" என்றார் அப்பா.

"மூணாவதுதான் இடிக்குது. கோவம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். எனக்குக் கோவமே வராதுங்கறாரு. எல்லாரும் அப்படித்தான்பா சொல்லுவாங்க. எப்படி நம்பறது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். (கோபமே வராது என்று சொல்லித்தான் அவரும் கல்யாணம் செய்துகொண்டாராம். அம்மா அப்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.) மாப்பிள்ளையின் பெற்றோர் வந்து நல்ல வீடியோவைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை ஓட்டச் சொன்னார். ஆனாலும் மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அக்காவும் பதில் சொல்லாமலே வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிறு காலை வீட்டுப் போன் அடித்தது. செந்தில். நடந்ததை அவருடைய அப்பா ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அக்காவைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கவில்லை.

"பாபுன்னு ஒருத்தர் இருக்காராமே, அவர்கிட்ட குடுங்க."

ரிசீவரை வாங்கினேன். அக்கா வந்து என் காதோடு தன் காதை ஒட்டிக்கொண்டாள். வெள்ளை அறிக்கையே தயார் செய்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு நேராக மன்னிப்புக்கே போனேன்.

"சார், மன்னிச்சுக்குங்க சார். உங்க மூஞ்சிய..."

"தாடை எந்தப் பக்கம் போச்சு, வலதா எடதா?" என்று கேட்டார்.

"வலது சார்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்து. கடல் கடந்து அவ்வளவு நேரம் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. கடைசியில், "அத அழிச்சிடாத பாபு. எனக்கு ஒரு காப்பி வெச்சிரு, வந்து பார்க்கணும்" என்றார்.

அக்கா காதை எடுத்தாள். அப்பாவிடம் போய், "மூணாவதுக்கும் பதில் வந்துருச்சுப்பா. சரின்னு சொல்லிடுங்க" என்றாள்.

அவர் சொன்னபடியே திரும்பி வந்தார், கல்யாணம் நடந்தது. இப்போது வேங்கிக்காலில் சொந்த வீடு, பக்கத்திலேயே அக்கா தனியாக லேப் வைத்திருக்கிறாள். கல்யாண வீடியோவை அந்த வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. வருடா வருடம் கல்யாண நாளன்று, அவர் கேட்டபடி நான் சிடியில் எடுத்துவைத்த அந்தக் கோணல் வீடியோவைத்தான் போடுகிறார்கள். தங்கள் அப்பாவின் தாடை காதுக்குப் போகும் இடத்தில் பிள்ளைகள் தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். சிடி உறைமேல் அக்காவின் கையெழுத்தில் 'பாபு இறக்கியது' என்று எழுதியிருக்கிறது. என் பெயரில் உலகத்தில் இருக்கும் ஒரே படைப்பு.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறேன், இப்போது நிஜமாகவே இன்சார்ஜ். இறங்கிய கோப்பின் அளவை ஒரு முறைக்கு மூன்று முறை பார்ப்பேன். கம்மியாக வந்தால் பதற மாட்டேன். ஜாஸ்தியாக வந்தால்தான் எழுந்து நின்றுவிடுவேன்.

போன பொங்கலுக்கு வேங்கிக்கால் போயிருந்தோம். காலையில் இலை போட்டு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு நாலு இட்லி போதும் என்றேன். மாமா, அதாவது செந்தில், ஐந்து வைத்தார்.

வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்து, "பாரும்மா, இப்ப மெஷின செக் பண்ணுவான்" என்றார்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா சிரித்ததில் சட்னிக் கரண்டி கை நழுவியது. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கலாம். ஆனால் எண்ணி முடித்திருக்கவில்லை.